விளக்கு எங்கிருந்து படம் பார்க்கிறது?

தொலைக்காட்சிக்குப் பின்னால் பொருத்திய விளக்கு, திரையில் ஓடும் படத்தின் நிறத்தைச் சுவரில் விரித்துக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் பலருக்கு வரும் மனக்குறை ஒரே மாதிரியானது. போனில் தொட்டால் விளக்கு எரிகிறது. அலெக்ஸாவிடம் சிவப்பு என்று சொன்னால் சிவப்பாகிறது. படம் போட்டால் மட்டும் அசையாமல் நிற்கிறது. உதவி எண்ணில் கேட்டால் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள், பிறகு செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்வார்கள், அதற்கும் மசியவில்லை என்றால் எல்லாவற்றையும் ரீசெட் செய்யச் சொல்வார்கள்.

இந்த வரிசை தலைகீழானது. போனுக்கும் குரலுக்கும் கட்டுப்படும் விளக்கு பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த விளக்குக்குப் படம் எங்கிருந்து தெரிகிறது? பல்புக்குக் கண் கிடையாது. திரையின் ஓரங்களில் இந்த நொடி என்ன நிறம் இருக்கிறது என்று யாராவது பார்த்து அதற்குச் சொல்ல வேண்டும். சொல்வது டி.வி.யாக இருக்கலாம், எச்டிஎம்ஐ கேபிளின் நடுவே உட்கார்ந்த ஒரு பெட்டியாக இருக்கலாம், திரையை நோக்கி வைத்த கேமராவாக இருக்கலாம், கணினியில் ஓடும் மென்பொருளாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் பழுதாகும் விதம் தனி. ஒன்றுக்குச் சொன்ன மருந்து இன்னொன்றுக்குப் பலிக்காது.

பிலிப்ஸின் ஆம்பிலைட் 2004-இல் சந்தைக்கு வந்தபோது இந்தக் குழப்பமே இல்லை. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் இருந்த அந்நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த யோசனை அது. விளக்குகள் டி.வி.யின் முதுகிலேயே பதிக்கப்பட்டிருந்தன. படத்தை வரையும் மின்னணுச் சுற்றே விளக்குக்கும் நிறம் சொன்னது. செட்டாப் பாக்ஸிலிருந்து படம் வந்தாலும், பின்னாளில் பென்டிரைவிலிருந்தோ டி.வி.யின் உள்ளேயே இருக்கும் செயலியிலிருந்தோ வந்தாலும் விளக்குக்கு எல்லாம் ஒன்றுதான். 2012-இல் பிலிப்ஸ் ஹ்யூ பல்புகள் வந்தன. விளக்கு டி.வி.யை விட்டுப் பிரிந்து தனிப் பொருளானது. எந்த நிறுவனத்தின் டி.வி.யோடும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சுதந்திரம் கிடைத்தது; கூடவே, படம் பார்த்துச் சொல்ல இன்னொருவரைத் தேட வேண்டிய தேவையும் வந்தது. இன்று கேட்கும் புகார்களில் பெரும்பாலானவை அந்தப் பிரிவிலிருந்து முளைத்தவை.

விலை மலிந்த வகையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ‘டி.வி. பேக்லைட்’ என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் எல்இடி பட்டைகளை டி.வி.யின் யுஎஸ்பி துளையில் செருகுகிறார்கள். ஒயர் டி.வி.யோடு இணைந்திருப்பதால் படமும் அதன் வழியே போகும் என்று வாங்குபவர் நம்புகிறார். அந்தத் துளை அந்தப் பட்டைக்குத் தருவது 5 வோல்ட் மின்சாரம் மட்டுமே. டி.வி.யோடு சேர்ந்து எரியும், சேர்ந்து அணையும். அதற்கு மேல் உறவில்லை. சிலவற்றில் சிறிய மைக் இருக்கும், அறையின் ஓசைக்கேற்ப வெளிச்சம் துடிக்கும். டி.வி.யின் சத்தத்தை முழுக்க அடைத்துப் பாருங்கள். துடிப்பு நின்றால் அந்த விளக்கு கேட்கிறது, பார்க்கவில்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் அது நிறம் அறியாது. இதை அட்டைப்பெட்டியில் தெளிவாக அச்சிடாமல், வண்ணங்கள் பொங்கும் படத்தைப் போட்டு விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி.

பணம் அதிகம் செலவழித்தவர்களையும் திணறடிப்பது எச்டிஎம்ஐ வகை. ஹ்யூ வரிசையில் 2019-இல் வந்த சிங்க் பாக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். நான்கு உள்வழி, ஒரு வெளிவழி. செட்டாப் பாக்ஸ், ஃபயர் டி.வி. ஸ்டிக், பிளேஸ்டேஷன் எல்லாம் முதலில் இந்தப் பெட்டிக்குள் வர வேண்டும். இங்கிருந்து ஒரு கேபிள் டி.வி.க்குப் போக வேண்டும். படம் தன்னைக் கடந்து போகையில் பெட்டி அதைப் படித்து நிறத்தைப் பிரித்தெடுக்கிறது.

தன்னைக் கடந்து போகும் படத்தை மட்டுமே அது அறியும் என்பதுதான் இங்கே முக்கியம். டி.வி.யின் ரிமோட்டில் நெட்ஃப்ளிக்ஸ் பொத்தானை அழுத்திப் படம் பார்த்தால், அந்தப் படம் இணையத்திலிருந்து நேரே டி.வி.க்குள் இறங்குகிறது. பெட்டியின் பக்கமே வருவதில்லை. டி.வி.யின் எச்டிஎம்ஐ துளைகள் படத்தை உள்ளே வாங்குபவை. வெளியே அனுப்புபவை அல்ல. ‘ஏஆர்சி’, ‘இஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் துளை மட்டும் திருப்பி அனுப்பும். ஆனால் அது அனுப்புவது ஒலியை மட்டுமே, சவுண்ட்பாருக்காக. இதை அறியாமல் சிங்க் பாக்ஸை ஏஆர்சி துளையில் மாட்டி, டி.வி.க்குள் இருக்கும் யூடியூபைத் திறந்து, விளக்குக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். தீர்வு எளிது: அதே செயலியை, பெட்டியில் செருகிய ஒரு ஸ்டிக் வழியாகத் திறக்க வேண்டும். கையில் இருக்கும் ஸ்மார்ட் டி.வி.யின் செயலிகளை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு கருவிக்குச் செலவு செய்யச் சொல்கிறோமே என்ற வருத்தம் நியாயமானது. ஆனாலும் இந்தப் பெட்டிக்கு வேறு வழி இல்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் இதே சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. கேபிள்காரர் கொடுத்த பழைய எஸ்டி செட்டாப் பாக்ஸ் பல வீடுகளில் இன்னும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை முனைகள் கொண்ட ஏவி ஒயரில்தான் டி.வி.யோடு இணைந்திருக்கிறது. அந்த ஒயரை நுழைக்க சிங்க் பாக்ஸில் இடமே கிடையாது. செட்டாப் பாக்ஸின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. இல்லையென்றால் கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். விளக்குக்கு முன்னால் இதற்குச் செலவு செய்வது நல்லது, படமே தெளிவாகிவிடும்.

இணைப்பு சரி, படமும் பெட்டி வழியாகத்தான் வருகிறது, ஆனால் திரை கறுப்பாகிறது அல்லது விட்டுவிட்டு வருகிறது என்றால், சந்தேகம் எச்டிசிபி பக்கம் திரும்ப வேண்டும். திருட்டுப் பதிவைத் தடுக்க இன்டெல் உருவாக்கிய பூட்டு அது. படம் அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகே படம் ஓடும். 4கே படங்களுக்கு அதன் 2.2 பதிப்பு வேண்டும். நடுவில் ஒரு பெட்டி நுழைந்ததும் சரிபார்க்க வேண்டிய ஆட்கள் மூவராகிறார்கள். சவுண்ட்பாரும் நடுவில் வந்தால் நால்வர். யாராவது ஒருவர் பழைய பதிப்பு என்றால் படம் தரம் குறைந்து வரும் அல்லது வரவே வராது. எல்லாவற்றையும் மின்சாரத்திலிருந்து பிடுங்கி, முதலில் டி.வி., பிறகு பெட்டி, கடைசியில் ஸ்டிக் என்ற வரிசையில் உயிர்ப்பித்தால் அந்தச் சரிபார்ப்பு புதிதாக நடக்கும். பல முறை அதுவே போதும்.

கேபிளையும் மறக்கக் கூடாது. விநாடிக்கு 60 சட்டகங்கள் கொண்ட 4கே எச்டிஆர் படத்துக்கு விநாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிள் வேண்டும். பழைய டிவிடி பிளேயரோடு வந்த கேபிள் அதைத் தாங்காமல் தடுமாறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நேர்த்தியான சோதனை இருக்கிறது. ஸ்டிக்கின் அமைப்புக்குள் போய் 1080பி என்று குறைத்துவிடுங்கள். விளக்கு உடனே ஒத்திசைந்தால் குற்றவாளி பெரும்பாலும் கேபிளோ, டி.வி.யின் அந்தத் துளையோதான். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’ என்றும் எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’ என்றும் பெயர் வைத்திருக்கும் அமைப்பைத் துளைவாரியாக இயக்கிவிட வேண்டியிருக்கலாம். விளையாட்டுக்காக வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுப் பெட்டி எச்டிஎம்ஐ 2.0 தலைமுறை, பிளேஸ்டேஷன் 5 தரும் 120 சட்டக 4கே அதில் போகாது. ஹ்யூவில் அதற்கு 2024-இல் வந்த 8கே பெட்டிதான் வழி.

டி.வி.க்குள்ளேயே ஓடும் ஹ்யூ செயலியை 2023-இல் சாம்சங்குக்கும், பிறகு எல்ஜிக்கும் கொண்டுவந்தார்கள். ஆம்பிலைட்டின் பழைய வசதி இதில் ஓரளவு திரும்பக் கிடைக்கிறது. பெட்டியும் கூடுதல் கேபிளும் வேண்டாம், டி.வி.யின் சொந்தச் செயலிகளுக்கும் விளக்கு அசையும். ஆனால் சாம்சங்கில் 2022 முதல் வந்த கியூஎல்இடி வரிசையின் குறிப்பிட்ட மாடல்கள், எல்ஜியில் 2024 முதல் வந்தவை என்று கட்டுப்பாடு உண்டு. பழைய டி.வி.யின் செயலிக் கடையில் தேடினால் செயலி கண்ணிலேயே படாது. அது பழுதல்ல, மாடல் ஆண்டு பொருந்தவில்லை, அவ்வளவே.

கேமரா வகையின் குணம் வேறு. கோவி நிறுவனத்தின் பட்டைகள் இதில் பரவலானவை. அகன்ற பார்வை கொண்ட சிறு கேமராவைத் திரையின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ பொருத்துகிறோம். அது திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. படம் எங்கிருந்து வந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஏவி ஒயர் செட்டாப் பாக்ஸுக்கும் சரி, டி.வி.யின் உள் செயலிக்கும் சரி, தயங்காமல் வேலை செய்யும். எச்டிஎம்ஐ பெட்டி தோற்கும் இடங்களில் எல்லாம் இது ஜெயிக்கிறது. நம் வீடுகளின் கலப்படமான இணைப்புகளுக்கு, விலையையும் சேர்த்துப் பார்த்தால், நான் பரிந்துரைப்பது இதையே.

இதன் பலவீனம் அளவுதிருத்தத்தில் இருக்கிறது. பெட்டியோடு வரும் ஆரஞ்சு நிற நுரைத் துண்டுகளைத் திரையின் மூலைகளிலும் ஓரங்களிலும் ஒட்டி, செயலியில் ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் வளைந்து தெரியும் திரையின் எல்லையை அது கற்கிறது. வீடு துடைக்கும்போது கேமரா ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் கற்ற பாடம் பிசகிவிடும். இடது மூலையில் தீ எரியும்போது மேலே ஆரஞ்சு விழும். அப்போது ரவுட்டரைத் தொட வேண்டியதில்லை; நுரைத் துண்டுகளை எடுத்து மறுபடி அளவுதிருத்தம் செய்தால் போதும். ஜன்னல் வெளிச்சம் திரையில் பிரதிபலித்தால் கேமரா அதையும் படம் என்றே எடுத்துக்கொள்ளும். பகலில் வெளுத்தும் இரவில் சரியாகவும் நடக்கும் விளக்குக்குக் காரணம் இதுதான்.

கணினி வழியில் ஒத்திசைப்பவர்கள் அடிக்கடி சந்திப்பது கறுப்பு. விளையாட்டுக்கு விளக்கு அசைகிறது, ஓடிடி படத்துக்கு அணைந்துபோகிறது. பாதுகாக்கப்பட்ட படத்தை வேறு மென்பொருள் படிக்க முயன்றால் கணினி வெறும் கறுப்புச் சட்டகத்தைக் கொடுத்துவிடுகிறது. கறுப்பைப் பார்த்த விளக்கு இருண்டுபோகிறது. உலாவியில் ஹார்ட்வேர் ஆக்சலரேஷனை அணைத்தால் சில நேரம் வழி பிறக்கும். மேக் கணினியில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் திரைப்பதிவுக்குத் தனி அனுமதி தர வேண்டும். அதைத் தராவிட்டால் மென்பொருளுக்குப் படமே தெரியாது.

சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் மரபும் வளமானது. ராஸ்பெரி பை, எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு, ஹைபீரியன் என்ற கட்டற்ற மென்பொருள், டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை: சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாலை நேரம் சுற்றினால் பொருட்கள் சேர்ந்துவிடும். இங்கே பெரும்பாலான பழுது மின்சாரக் கணக்கில் நேர்கிறது. முழு வெள்ளையில் எரியும்போது ஒவ்வொரு எல்இடியும் சுமார் 60 மில்லி ஆம்பியர் கேட்கும்; 120 எல்இடிக்கு 7.2 ஆம்பியர். போன் சார்ஜர் 2 ஆம்பியர் தந்தால் பட்டையின் கடைக்கோடி வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சளாகும். நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக மின்னழுத்தம் தேவை. தூரத்தில் மின்னழுத்தம் சரியச் சரிய முதலில் நீலமே வாடும். மென்பொருளில் நிறத்தைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. பட்டையின் மறுமுனையிலும் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

படம் சரியாகப் படிக்கப்பட்டு, விளக்கு மட்டும் பின்தொடரவில்லை என்ற நிலை வந்த பிறகே வலைப்பின்னல் பற்றிய பேச்சு பொருத்தமானது. அலெக்ஸா ஒரு முறை ‘சிவப்பு’ என்று சொல்வது ஒரு கட்டளை. படத்தோடு ஓடுவதற்கு, விளக்குகளை வீட்டு வலைப்பின்னலோடு இணைக்கும் ஹ்யூ பிரிட்ஜ் விநாடிக்கு 25 முறை வரை நிறம் அனுப்புகிறது. முதலாவது நடப்பதால் இரண்டாவதும் நடக்கும் என்று கொள்ள முடியாது. இந்தத் தொடர் ஓட்டத்துக்கு ஹ்யூவில் ‘என்டர்டெயின்மென்ட் ஏரியா’ என்று தனியாக ஒன்றை உருவாக்க வேண்டும். ‘ஹால்’ என்று பெயரிட்ட சாதாரண அறைக்குழு இதற்குப் பயன்படாது. அலெக்ஸாவில் உருவாக்கிய குழுவும் பயன்படாது. வழக்கமான சதுரப் பிரிட்ஜில் ஒரு ஏரியாவுக்குப் பத்து விளக்குகள் வரைதான் சேரும், அவையும் நிறம் மாறும் வகையாக இருக்க வேண்டும். வெள்ளை மட்டும் தரும் பல்பு பட்டியலில் தோன்றாது. முதல் தலைமுறை வட்டப் பிரிட்ஜில் இந்த வசதியே இல்லை. கணினியில் ஹ்யூ சிங்க் மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் சிங்க் பாக்ஸுக்கு அந்தப் பிரிட்ஜ் இடம் தராது, ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரே ஓட்டத்தைத்தான் அது ஏற்கும். பிலிப்ஸ் பெயரிலேயே விற்கும் விஸ் பல்புகள் வைஃபையில் இயங்கும் வேறு குடும்பம். பெயரைப் பார்த்து வாங்கி வந்தவர் அவற்றை ஹ்யூ ஏரியாவில் தேடி ஏமாறுகிறார்.

ஹ்யூ பயன்படுத்தும் ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்புமுறையும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றன. பிரிட்ஜை ரவுட்டரின் தலைமேல் வைத்தால் விளக்கு திக்கித் திக்கி நிறம் மாறும். இரண்டையும் சற்றுத் தள்ளி வைத்து, ரவுட்டரின் வைஃபையை 1-ஆம் சேனலிலும் ஜிக்பீயை 25-இலும் வைத்தால் மோதல் தணியும். நேரடி வைஃபை விளக்குகளில் பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸைப் புரிந்துகொள்ளாதவை. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்த ரவுட்டரில் அவற்றை முதன்முதலில் சேர்ப்பது சிரமம். கொஞ்ச நேரம் 5-ஐ அணைத்துவிட்டுச் சேர்த்தால் முடிந்துவிடும். விருந்தினர் வலைப்பின்னலில் பெட்டியும் முதன்மை வலைப்பின்னலில் பிரிட்ஜும் இருந்தால் ஒன்றுக்கொன்று கண்ணில் படாது.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றும் இதில் கலக்கிறது. அறையை விட்டு வெளியேறுகையில் சுவர் சுவிட்சை அணைப்பது நமக்குக் கற்றுத்தந்த ஒழுக்கம். ஸ்மார்ட் பல்புக்கு அது மயக்க மருந்து. மின்சாரம் போன பல்பு பிரிட்ஜின் கணக்கில் ‘எட்டவில்லை’ ஆகிவிடும். ஜிக்பீயில் ஒவ்வொரு பல்பும் அடுத்த பல்புக்குச் செய்தி கடத்துவதால் பக்கத்து விளக்கும் சேர்ந்து தடுமாறும். கரண்ட் போய்வந்தாலும் இதே கதை: ரவுட்டர் புதிய முகவரி கொடுக்கலாம், பெட்டி பழைய முகவரியில் பிரிட்ஜைத் தேடலாம். ரவுட்டரின் அமைப்பில் பிரிட்ஜுக்கு நிலையான முகவரி ஒதுக்குவது ஒரு முறை செய்து மறந்துவிடக்கூடிய வேலை.

ஒத்திசைவு வந்த பிறகும் சிலருக்கு ஏதோ உறுத்தும். டப்பிங் படத்தில் உதடும் குரலும் விலகுவதுபோல் படமும் வெளிச்சமும் விலகித் தெரியும். எந்தப் பக்கம் விலகுகிறது என்று உற்றுப் பாருங்கள். கேமரா, திரையில் படம் வந்த பிறகே பார்க்கிறது; அதனால் எப்போதும் கொஞ்சம் பிந்தும். எச்டிஎம்ஐ பெட்டி டி.வி.க்கு முன்னால் படிக்கிறது, டி.வி. படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொண்டால் வெளிச்சம் முந்திவிடும். முந்தினால் டி.வி.யை கேம் மோடுக்கு மாற்றலாம், அல்லது படத்தை வழவழப்பாக்கும் அமைப்பை அணைக்கலாம். பெட்டி வழியிலும் பிந்தினால் சந்தேகத்தை வைஃபை பக்கம் வைக்கலாம்.

மேல் விளக்கு மட்டும் எரியவில்லை என்ற புகாரை நான் தனியாகவே வைக்கிறேன், ஏனென்றால் அதில் எதுவும் கெட்டுப்போகவில்லை. 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ தொடங்கி வைத்த சினிமாஸ்கோப் வழக்கம் தமிழ்ப் படங்களில் இன்றும் தொடர்கிறது. 2.39 மடங்கு அகலமான அந்தச் சட்டகத்தை 16:9 திரையில் போட்டால் உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, மேலும் கீழுமாகக் கறுப்புப் பட்டையாகிவிடும். மேல் ஓரத்து நிறத்தைக் கேட்கும் விளக்குக்குக் கறுப்பு என்ற உண்மையான பதிலே கிடைக்கிறது. ஹைபீரியனில் கறுப்பு ஓரத்தைக் கண்டறியும் அமைப்பு உண்டு. வேறு கருவிகளில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். செய்தி சேனல்களில் இதற்கு நேர்மாறு: கீழே ஓடும் எழுத்துப் பட்டையின் சிவப்பும் மஞ்சளும் கீழ் விளக்கை இடைவிடாமல் துடிக்க வைக்கும். செய்திக்கு ஒத்திசைவை அணைத்துவிட்டு, 6500 கெல்வின் வெள்ளையை மங்கலாக எரியவிடுவது கண்ணுக்கு இதம். வீட்டில் யாருக்காவது ஒளித் துடிப்பால் வலிப்பு வரும் வாய்ப்பு இருந்தால் படத்துக்கும் ஒத்திசைவை இயக்கவே வேண்டாம்.

பிரிட்ஜின் பின்புறத்து ரீசெட் துளையில் ஊசி நுழைப்பது இத்தனையும் பார்த்து முடித்த பிறகுதான். அது விளக்குகளின் பெயர், அறை, காட்சி, நேர அட்டவணை எல்லாவற்றையும் துடைத்துவிடும். எச்டிஎம்ஐ கேபிள் தவறான துளையில் இருந்தால் துடைத்த பிறகும் தவறான துளையிலேயே இருக்கும். வாங்குவதற்கு முன் கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்க வாசகர்களை வேண்டுகிறேன்: என் டி.வி.க்குள் இருக்கும் செயலியில் படம் பார்த்தால் இந்த விளக்கு மாறுமா? உற்பத்தியாளர்கள் அதற்கான பதிலை அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் அச்சிட வேண்டும்.